சட்டைக்குள் ஒளிந்த கை

‘ரோமன் ஹாலிடே’ படத்தை முதலில் பார்த்தபோது எனக்கு இருபது வயது. ஆட்ரி ஹெப்பர்ன் படிக்கட்டில் நின்று ஐஸ்கிரீம் சாப்பிடுவதும், வெஸ்பாவைத் தாறுமாறாக ஓட்டுவதும்தான் மனத்தில் நின்றன. போன வாரம் மகளோடு மறுபடி பார்த்தேன். இந்த முறை வேறொரு காட்சி என்னைப் பிடித்துக்கொண்டது.

ரோமில் ஒரு பழைய தேவாலயத்தின் முகப்பில் பெரிய கல்முகம் ஒன்று இருக்கிறது. ‘உண்மையின் வாய்’ என்று பெயர். பொய் சொன்னவர் கையை உள்ளே விட்டால் கடித்துவிடுமாம். அங்கே வந்து நிற்கும் இருவருமே பொய் சொன்னவர்கள். அவள் இளவரசி, பள்ளியிலிருந்து ஓடிவந்தவளாக நடிக்கிறாள். அவன் அவளைப் பற்றிய செய்தியை விற்கக் காத்திருக்கும் பத்திரிகைக்காரன். உர வியாபாரி என்று சொல்லியிருக்கிறான். அவள் கை கல்வாய் வரை போய்த் தயங்கித் திரும்புகிறது. பத்திரிகைக்காரனாக நடிக்கும் கிரெகரி பெக் கையை விட்டு, அலறி இழுக்கிறார். மணிக்கட்டுக்குக் கீழே கையைக் காணோம்! சட்டைக்குள் மறைத்திருக்கிறார். அதை ஹெப்பர்னிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை என்பதால் அவர் போட்ட கூச்சல் நிஜம். என் மகளும் சேர்ந்து கத்தினாள்.

கதையை எழுதிய டால்டன் ட்ரம்போவும் அப்போது மறைந்துதான் இருந்தார். அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் கேள்விகளுக்குப் பதில் தர மறுத்துச் சிறை சென்றவர். ஹாலிவுட் அவரை ஒதுக்கிவைத்திருந்தது. 1953இல் படம் வந்தபோது திரையில் இருந்தது அவருடைய நண்பர் இயன் மெக்லெலன் ஹன்டரின் பெயர். கதைக்கான ஆஸ்கரும் அந்தப் பெயருக்கே போனது. ட்ரம்போ 1976இல் இறந்தார். அவருக்குரிய விருது அவர் மனைவியின் கைக்கு வந்தது 1993இல். சொந்தப் பெயரைச் சொல்ல முடியாத ஒருவர் எழுதிய காதல் இது என்று தெரிந்த பிறகு, அந்தக் கல்முகத்தின் முன் அவள் தயங்கும் அந்த ஒரு நொடி எனக்கு நெஞ்சை அடைக்கிறது.

கடைசியில் இளவரசி பத்திரிகைக்காரர்களைச் சந்திக்கிறாள். பிடித்த நகரம் எது என்ற கேள்விக்கு, மனப்பாடம் செய்த பதிலைப் பாதியில் விட்டுவிட்டு ரோம் என்கிறாள். பிறகு இறங்கிவந்து வரிசையாகக் கைகுலுக்குகிறாள். அவன் முறை வருகிறது. தன் பெயரையும் செய்தி நிறுவனத்தையும் மறைக்காமல் சொல்கிறான். எல்லாருக்கும் போலவே அவனுக்கும் ஒரு கைகுலுக்கல், அவ்வளவுதான்.

கூடம் காலியாகிறது. அவன் மட்டும் நின்றுவிட்டு, மெல்ல நடந்து, வாசலருகே ஒருமுறை திரும்பிப் பார்க்கிறான்.

“அவ வருவாளாப்பா?” என்றாள் மகள். நானும் அவள் போன கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.