டி400-க்காகக் காத்திருந்த ஐந்து வருடங்கள்

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

போன மாதம் ஒரே நாளில் இரண்டு பழைய மாணவர்களிடமிருந்து செய்தி வந்தது.

முதலாமவர் 1999-இல் எட்டாம் வகுப்பு முடித்தவர். இப்போது கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கிறார். "சார், நிக்கான்ல அடுத்த டிஎஸ்எல்ஆர் வருமா? வரும்னா வெயிட் பண்றேன். இல்லைன்னா மிரர்லெஸ்ஸுக்கு மாறிடுறேன். இந்தக் கதையெல்லாம் உங்களுக்குத்தான சார் அத்துப்படி" என்று கேட்டிருந்தார்.

இரண்டாவது செய்தி 2014 செட் மாணவியிடமிருந்து. "சார், எங்க எட்டாம் வகுப்பு குரூப் போட்டோ உங்ககிட்ட இருக்கா? அவசரம்." அவசரத்துக்குக் காரணமும் எழுதியிருந்தார். அவருடன் படித்த பையன் ஒருவன் பைக் விபத்தில் இறந்துவிட்டான். பேனரில் போட ஆதார் அட்டைப் படம்தான் கிடைத்ததாம். "சார் வருஷா வருஷம் பள்ளிக்கூடத்துல எடுப்பாரே, அவர்கிட்ட கேளுங்கன்னு அவங்க அம்மா சொல்றாங்க சார்."

சார் எடுக்கவில்லை. அந்த வருடம் மட்டுமல்ல, 2012 முதல் 2016 வரை ஐந்து செட் பிள்ளைகளை எடுக்கவில்லை. அதற்கான காரணமும் முதல் மாணவர் கேட்ட கேள்வியும் ஒன்றுதான். அதனால் இரண்டு பேருக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

உங்களில் பலருக்குத் தெரியும், எனக்குப் படம் எடுக்கும் பித்து உண்டு. ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்கு வந்த புதிதில் பிலிம் கேமரா. 2006-இல் நிக்கான் டி70எஸ். 6 மெகாபிக்சல். அன்றைக்கு அது பெரிய விஷயம். ஒவ்வொரு ஏப்ரலிலும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வேப்பமரத்தடியில் மூன்று வரிசையாக நிறுத்தி ஒரு படம் எடுப்பேன். ஆளுக்கொரு பிரதி. எங்களுடையது நடுநிலைப்பள்ளி. எட்டு முடித்தால் மேல்நிலைப்பள்ளிக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஊருக்குப் போய்விடுவார்கள். அவர்கள் எல்லோரும் ஒன்றாக நின்ற கடைசி நாள் அந்தப் படத்தில்தான் இருக்கும்.

விடுமுறை நாட்களில் கூந்தன்குளம் போவேன். அங்கே மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் ஊருக்குள் இருக்கும் மரங்களிலேயே கூடு கட்டும். பறவைகள் பயப்படும் என்று தீபாவளிக்குக்கூட அந்த ஊர்க்காரர்கள் வெடி போடுவதில்லை. இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகளும் குளிர்காலத்தில் அங்கே வரும். அவை கூட்டமாக எழும்பும்போது என் டி70எஸ் விநாடிக்கு மூன்று படம் எடுக்கும். மூன்றிலும் வாத்தின் வால்தான் இருக்கும். அங்கே பிறந்தது ஆசை.

2007 ஆகஸ்டில் நிக்கான் டி3, டி300 என்ற இரண்டு கேமராக்களை ஒன்றாக அறிவித்தது. டி3 பெரிய சென்சார் உள்ளது, நமக்கு எட்டாத விலை. டி300-இன் சென்சார் சிறியது. சிறிய சென்சாரில் 300 எம்எம் லென்ஸ், 450 எம்எம் மாதிரி பறவையைப் பக்கத்தில் காட்டும். 51 குவியப் புள்ளிகள், விநாடிக்கு ஆறு படம். நான் தபால் ஆபீஸில் ஆர்டி கட்ட ஆரம்பித்தேன். பணம் சேர்வதற்குள் 2009 ஜூலையில் டி300எஸ் வந்தது. அதில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. "இரண்டு வருஷம் பொறு, டி400 வரும்" என்று படம் எடுக்கும் நண்பர்கள் எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

அந்த ஊகங்கள் எப்படிப் பிறக்கின்றன என்று இளையவர்களுக்குச் சொல்ல வேண்டும். கம்பெனி வாயே திறக்காது. அதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. ஆடம் ஆஸ்பர்ன் என்று ஒருவர். அவருடைய தந்தை ஆர்தர் ஆஸ்பர்ன் ரமண மகரிஷியின் அடியவர். ஆடமின் சிறுவயது நம் தமிழ்நாட்டில்தான் கழிந்தது. பிற்காலத்தில் அவர் கண்ணை மூடியதும் கொடைக்கானலில்தான். நடுவில் அமெரிக்காவில் 1981-இல், தூக்கிக்கொண்டு போகக்கூடிய கம்ப்யூட்டரைச் செய்து விற்றுப் பெரும் பேர் வாங்கினார். 1983-இல் அடுத்த மாடலைப் பற்றி முன்கூட்டியே பேசிவிட்டார். "புதுசு வரட்டும்" என்று கடைக்காரர்கள் கையில் இருந்ததை வாங்குவதை நிறுத்தினார்கள். அந்த வருடமே கம்பெனி திவால். வேறு காரணங்களும் உண்டு என்பார்கள். ஆனாலும் புதியதை முன்கூட்டிச் சொல்லிப் பழையதைக் கெடுத்துக்கொள்வதற்கு இன்றைக்கும் உலகம் முழுக்க ஆஸ்பர்ன் விளைவு என்றுதான் பெயர்.

கம்பெனி பேசாததால் மற்றவர்கள் பேசுவார்கள். கடையில் பழைய மாடல் கிடைக்கவில்லையா, புதுசு வருகிறது. விலையைக் குறைத்தார்களா, புதுசு வருகிறது. ஏதோ ஒரு நாட்டு அரசுப் பதிவேட்டில் பெயர் தெரியாத கேமரா எண் ஒன்று ஏறியிருக்கிறதா, அதுதான் இது. ஒலிம்பிக்ஸ் வருகிறதா, அதற்கு முன்னால் பெரிய கேமரா வரும், கூடவே தம்பியும் வருவான். பஞ்சாங்கம் பார்ப்பது போலத்தான். நடந்துவிட்டால் "அன்றைக்கே சொன்னேனே" என்போம். நடக்காவிட்டால் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைப்போம்.

2011 மார்ச் 11-ஆம் தேதி ஜப்பானில் பூகம்பமும் சுனாமியும் வந்தன. நிக்கானின் செண்டாய் தொழிற்சாலையும் சேதமடைந்தது. "அதனால்தான் தாமதம்" என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஏப்ரலில் வழக்கம்போல எட்டாம் வகுப்புப் படம் எடுத்தேன். ஜூன் மாதம் டி70எஸ்ஸை விற்றுவிட்டேன். டி400 வந்தால் பழைய கேமராவுக்கு விலை இருக்காது என்ற கணக்கு. 9,000 ரூபாய் கிடைத்தது. கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்தேன்.

அக்டோபரில் தாய்லாந்தில் வெள்ளம். டி300எஸ் செய்யப்பட்ட அயுத்தயா தொழிற்சாலை தண்ணீரில் மூழ்கி மூன்று மாதம் நின்றுபோனது. மறுபடியும் ஒரு காரணம் கிடைத்தது. 2012 ஜனவரியில் டி4 வந்தது, தம்பியைக் காணோம். பிப்ரவரியில் டி800, 36 மெகாபிக்சல். செப்டம்பரில் டி600. எல்லாம் பெரிய சென்சார்.

வீட்டில் ஒரு நாள் கேட்டார்கள்: "வராத கேமராவுக்கு டி400-னு பேரு வச்சது யாரு?"

"நாங்கதான்" என்றேன்.

"பொறக்காத புள்ளைக்குப் பேரு வச்சு, காதும் குத்தியாச்சாக்கும்!" என்றார்கள்.

2013-இல் டி7100 வந்தது. நல்ல கேமரா, விலையும் கட்டுப்படியாகும். ஆனால் வேகமாகத் தொடர்ந்து எடுத்தால் ஒன்றிரண்டு விநாடியில் அதற்கு மூச்சு வாங்கும். "டி400-இல் இந்தக் குறை இருக்காது" என்று அதையும் வேண்டாமென்றேன். இன்னும் பிறக்காத ஒன்றோடு ஒப்பிட்டால் கையில் கிடைப்பது எல்லாமே குறையாகத்தான் தெரியும். 2014-இல் கேனான் தன் 7டி-யின் இரண்டாம் மாடலைக் கொண்டுவந்ததும் "இனி நிக்கான் சும்மா இருக்க முடியாது" என்றோம். நிக்கான் சும்மாதான் இருந்தது. ஜப்பானில் நான்கைக் குறிக்கும் "ஷி" என்ற சொல் சாவையும் குறிக்கும், அதனால் 400 என்ற எண் வராது என்றார் ஒரு நண்பர். டி40 என்றும் டி4 என்றும் அதே கம்பெனி கேமரா விட்டிருக்கிறதே என்று நான் வாதாடினேன். உண்மையைச் சொன்னால் அந்தப் பேச்சே ஒரு சுகம். அதில் ஒரு பைசா செலவில்லை, தோல்வியும் இல்லை.

செலவு வேறு இடத்தில் ஆகிக்கொண்டிருந்தது. 2012 ஏப்ரலில் பிள்ளைகள், "சார், எங்கள எப்ப எடுப்பீங்க?" என்று கேட்டார்கள். "புதுக் கேமரா வரட்டும்டா" என்றேன். 2013-இலும் அதே பதில். 2014-இல் கணக்கு டீச்சர் தன் சிறிய கேமராவைக் கொண்டுவந்து, "இதுல எடுத்துருங்க சார், புள்ளைங்க ஆசப்படுறாங்க" என்றார். நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல முகம் சரியா விழாதும்மா, அடுத்த வருஷம் ஜோரா எடுத்துக்கலாம்" என்று திருப்பிக் கொடுத்தேன். எனக்கு அடுத்த வருஷம் இருந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு நம் பள்ளியில் அடுத்த வருஷம் கிடையாது. இருபது வருடத்துக்கு மேல் எட்டாம் வகுப்பு எடுத்த வாத்தியாருக்கு அது தெரியாமல் போனது.

2016 ஜனவரி 5-ஆம் தேதி, அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் டி5 வந்தது. கூடவே தம்பியும் வந்தான். பெயர் டி500. அண்ணன் ஐந்து என்றால் தம்பி ஐந்நூறு. டி400 என்ற கேமரா கடைசிவரை பிறக்கவே இல்லை. 20.9 மெகாபிக்சல், 153 குவியப் புள்ளிகள், விநாடிக்குப் பத்துப் படம். நாங்கள் ஆசைப்பட்டதற்கு மேலாகவே இருந்தது. மார்ச்சில் வரவேண்டியது ஏப்ரல் கடைசிக்குத் தள்ளிப்போனது. அந்த வருட எட்டாம் வகுப்பும் போய்விட்டது. நான் வாங்கியது டிசம்பரில். 2017 ஏப்ரலில் 27 பிள்ளைகளை வேப்பமரத்தடியில் நிறுத்திப் படம் எடுத்தேன். அசையாமல் நிற்கும் பிள்ளைகளுக்கு விநாடிக்குப் பத்துப் படம் எதற்கு? மே மாதம் பணி ஓய்வு பெற்றேன். அந்தக் கேமரா எடுத்தது ஒரே ஒரு செட்டைத்தான்.

சரி, முதல் மாணவருக்குப் பதில். தம்பி, 2020 ஜனவரியில் டி780, பிப்ரவரியில் டி6. அதற்குப் பிறகு நிக்கான் புதிய டிஎஸ்எல்ஆர் எதையும் அறிவிக்கவில்லை. புதிய கேமராக்கள் எல்லாம் 2018-இல் தொடங்கிய இசட் வரிசை மிரர்லெஸ்தான். உங்கள் பழைய லென்ஸ்களில் பலவற்றை ஓர் அடாப்டர் போட்டு அதில் மாட்டலாம். லென்ஸுக்குள்ளேயே மோட்டார் இருந்தால் ஆட்டோஃபோகஸும் வேலை செய்யும், வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். இனிமேல் டிஎஸ்எல்ஆர் வரவே வராது என்று நான் சொல்லமாட்டேன். டி400 விஷயத்தில் ஜோசியம் சொல்லி அவமானப்பட்டவன் நான். ஆனால் இந்த ஆவணியில் உங்களுக்கு முகூர்த்தங்கள் இருக்கும். கையில் இருக்கும் கேமராவில் எடுங்கள். அது ஓடாவிட்டால் இன்றைக்குக் கடையில் இருப்பதை வாங்குங்கள். தயவுசெய்து என்னை மாதிரிப் பழையதை முதலில் விற்றுவிடாதீர்கள்.

இரண்டாவது பதிலை எழுதத்தான் ஒரு மாதம் ஆகிவிட்டது. அன்றைக்கே அந்தப் பையன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மாவிடம், "நான் எடுக்கலம்மா" என்று சொன்னேன். கேமரா கதையெல்லாம் அந்த இடத்தில் சொல்ல வாய் வரவில்லை. "அதனால என்ன சார், அவனுக்கு உங்கள ரொம்பப் பிடிக்கும்" என்று எனக்கு அவர் ஆறுதல் சொன்னார்.

வீட்டுக்கு வந்து பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தேட ஆரம்பித்தேன். அவன் 2014-இல் எட்டு என்றால் 2011-இல் ஐந்தாம் வகுப்பு. அப்போது கேமரா என்னிடம் இருந்தது. நான்கு நாள் தேடினேன். 2011 எட்டாம் வகுப்புப் படம் ஒன்றில், வரிசைக்குப் பின்னால் தாழ்வாரத்தில், தூணைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளைகள் நாலைந்து பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வகுப்பில் இருக்க வேண்டியவர்கள். அன்றைக்கு அதட்டியிருப்பேன். அந்த இடத்தை மட்டும் பெரிதாக்கினேன். முகம் கொஞ்சம் உடைந்துதான் தெரிந்தது. போனில் கொண்டுபோய்க் காட்டினேன். என் விரல் அதைத் தொடுவதற்குள் அவர் இரண்டாவது பையனைக் காட்டிவிட்டார். "இதான் சார். சிரிக்கும்போது இப்படித்தான் தோளச் சாய்ப்பான்." அந்த 6 மெகாபிக்சல் படத்தைத்தான் பெரிதாகப் பிரிண்ட் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறார்கள்.

2012, 2013, 2014, 2015, 2016 செட் பிள்ளைகளே, உங்களிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்கிறேன்.

மே மாதம் இரண்டாவது ஞாயிறு காலை 8 மணிக்கு, வெயில் ஏறும் முன், பள்ளி வேப்பமரத்தடிக்கு வாருங்கள். தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். செட் செட்டாக நிறுத்தி எடுக்கிறேன். வெளியூரில் இருந்து வரமுடியாதவர்கள் கீழே எழுதுங்கள், பொங்கல் விடுமுறையில் இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். குழந்தை குட்டிகளோடு வரலாம். கூலிங் கிளாஸ் மட்டும் வேண்டாம். கணக்கு டீச்சரும் வருகிறார். அந்தச் சின்னக் கேமராவையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். முதல் படம் அதில்தான்.

என்றும் அன்புடன்,
உங்கள் சார்