முறை வரும்வரை

போக்கிமொன் என்றதும் எல்லாருக்கும் நினைவுக்கு வாறது பிகாச்சுவும், பந்தை எறிஞ்சு பிராணி பிடிக்கிறதும்தான். நாங்கள் எழுதப்போற விளையாட்டில நீங்க ஒன்றையும் பிடிக்க மாட்டீங்க. 2000இல கேம் பாய் கலருக்கு வந்த 'போக்கிமொன் பஸ்ல் சலேஞ்ச்'. பெயரும் படங்களும்தான் போக்கிமொன். மிச்சம் எல்லாம் கட்டம்.

விதி லேசு. பக்கத்துப் பக்கத்தில இருக்கிற இரண்டு கட்டங்களை இடம் மாத்தலாம். ஒரே மாதிரி மூன்று வரிசையா வந்தா மறையும். டெட்ரிஸில கட்டைகள் மேலிருந்து விழும். இதில குவியல் கீழிருந்து ஏறும். உச்சியைத் தொட்டா ஆட்டம் முடிஞ்சுது. ஆனா ஒரு கூட்டம் மறையேக்க மேல இருக்கிறது விழுந்து, அதுவும் மூன்றாச் சேர்ந்தா அது சங்கிலி. மறைஞ்சு முடியும்வரை நீங்க சும்மா இருக்கத் தேவையில்லை, அடுத்ததை நகர்த்திக்கொண்டே இருக்கலாம். சங்கிலி ஓடுற வரைக்கும் குவியல் ஏறாது. மூச்சு விடுற நேரம் அதுதான்.

இந்த விளையாட்டு உடுப்பு மாத்திக்கொண்டே வந்தது. 1995இல ஜப்பானில இன்டெலிஜன்ட் சிஸ்டம்ஸ் நிறுவனம் செய்த 'பானெல் டி பொன்'தான் மூலம். அதில பாத்திரங்கள் எல்லாம் தேவதைப் பிள்ளைகள். அடுத்த வருசம் மேற்கு நாடுகளுக்குப் போகேக்க தேவதைகளை எடுத்துப்போட்டு யோஷியை வச்சு, 'டெட்ரிஸ் அட்டாக்' என்று பெயரும் போட்டினம். டெட்ரிஸுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பிறகு போக்கிமொன். இதில ஒரு நல்ல கதை இருக்கு: போக்கிமொன் கேமுக்குள்ளேயே தேவதைகளோட இருந்த பழைய வடிவம் அழிக்கப்படாமல் ஒளிஞ்சிருந்ததை 2020இல கண்டுபிடிச்சினம். இருபது வருசமா ஒருத்தருக்கும் தெரியாது.

எங்கட கைக்கு அது வந்தது 2022இல. நாங்கள் நாலு பேர், இரண்டு பேர் வெள்ளவத்தை, இரண்டு பேர் கொட்டாஞ்சேனை. ஏ.எல். எழுதி முடிச்சு, ரிசல்ட் வரும்வரை ஒரு வேலையும் இல்லை. மார்ச் கடைசியில ஒரு நாள் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. ஃபோன் எல்லாம் செத்துப்போச்சு. எங்களில ஒருத்தியின்ர மச்சான் லண்டனில இருந்து லீவுக்கு வந்து எப்பவோ விட்டிட்டுப் போன கேம் பாய் அலுமாரிக்குள்ள கிடந்தது. இரண்டு பென் ரோர்ச் பற்றரி போதும். இரண்டு வீட்டுச் சுவர் மணிக்கூடுகள் நின்றுபோனதுக்குக் காரணம் அதுதான்.

கேம் பாய் கலரின்ர திரைக்கு உள்வெளிச்சம் இல்லை. இரவில ஒருத்தர் விளையாட, ஒருத்தர் மெழுகுதிரியைச் சரியான கோணத்தில பிடிக்கோணும். மற்ற இரண்டு பேரும் தோளுக்கு மேலால எட்டிப் பார்த்து "இடது, இடது, ஐயோ மேல பார்" என்று கத்துவம். தோத்தா கை மாறும். நாலு பேருக்கு ஒரு கருவி என்றபடியால் உங்கட முறை வர நேரமெடுக்கும். அந்த நேரத்திலதான் நாங்கள் இந்த விளையாட்டைப் படிச்சனாங்கள். எங்களில ஒருத்தி அவசரப்பட்டு அழிக்க மாட்டாள். குவியல் உச்சிக்குக் கிட்ட வரும்வரை அடுக்கி வச்சிட்டு, ஒரே ஒரு கட்டத்தை நகர்த்துவாள். அஞ்சு தரம் விழும். எங்களுக்கு மெழுகு கையில வடிஞ்சது கூடத் தெரியாது.

கம்பஸ் வந்த பிறகு ஃபோனில 'போக்கிமொன் ஷஃபிள்' போட்டுப் பார்த்தம். 2015இல வந்த இலவச விளையாட்டு; அதுவும் மூன்று சேர்க்கிறதுதான். ஆனா ஒரு ஆட்டத்துக்கு ஒரு இதயம் செலவாகும். அஞ்சும் முடிஞ்சா, ஒவ்வொன்றும் திரும்ப நிரம்ப அரை மணித்தியாலம் பொறுக்கோணும். பொறுக்க ஏலாது என்றால் காசு குடுக்கோணும். அங்கேயும் காத்திருப்புத்தான். ஆனா தனிய, ஒரு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு. எங்கட காத்திருப்பில இன்னொருத்தரின்ர கை இருந்தது. எங்களுக்கு வித்தியாசம் அங்கதான்.

2023இல ஒருத்தன் படிப்பு விசாவில இங்கிலாந்து போனான். அடுத்த வருசம் அவள் கனடா. கேம் பாயைக் கொண்டு போ என்று சொன்னம், மாட்டன் என்றிட்டாள். இந்த விளையாட்டை இரண்டு பேர் எதிரெதிரா விளையாடக் கேபிள் ஒன்று வேணும், அது ஒரு மேசை நீளத்துக்குத்தான் வரும். ரொறன்ரோ மட்டும் வராது. இப்ப அவளுக்கு விடியேக்க எங்களுக்குப் பின்னேரம். ஸ்கோரைப் படம் எடுத்து அனுப்புவம். "இந்த இடத்தில ஏன் அழிச்சனீங்கள்?" என்று பதில் வரும்.

வீட்டில, கலியாண வீடுகளில, பஸ்ஸில எல்லாரும் மிச்சமிருக்கிற எங்களிட்டக் கேட்கிறது ஒன்றுதான்: "நீங்க எப்ப போறீங்க?" எங்களிட்ட இன்னும் பதில் இல்லை. கேம் பாய் ஒரு கிழமை வெள்ளவத்தையில, ஒரு கிழமை கொட்டாஞ்சேனையில இருக்கு. பற்றரி மூடிக்கு செலோடேப் ஒட்டியிருக்கு. ஸ்கோர் கூடிக்கொண்டுதான் போகுது, ஏனென்றால் இப்ப முறை கெதியா வந்திடுது.