வெறும் வாயுதான்!

எங்கள் குடும்பத்தில் ஒரு வியாதிக்கு மட்டும் எவரும் பயப்படுவது கிடையாது. அதற்கு வாயு என்று பெயர். முதுகில் பிடித்தால் வாயு. முழங்காலில் குத்தினால் வாயு. மார்பு கனத்தால், சந்தேகமென்ன, அதுவும் வாயுதான். இந்த வாயுவைக் கண்டிப்பதற்குப் பெருங்காயம், ஓமம், சுக்கு, சோடா என்று நான்கு மருந்துகள் பரம்பரையாக உண்டு. நான்கும் பலிக்காவிட்டால் ஐந்தாவது மருந்து, போர்த்திக்கொண்டு தூங்குவது. என் தகப்பனார் 1978-ஆம் வருஷத்தில் ஒரு நாள் இரவு அந்த ஐந்தாவது மருந்தைக் கைக்கொண்டார். மறுநாள் காலையில் அவர் எழுந்திருக்கவில்லை.

அப்போது எனக்கு வயது 12. சோடா வாங்கி வரும்படி என்னைத்தான் அனுப்பினார்கள். கடைக்காரர் பலகைகளை அடுக்கிக் கடையைச் சாத்திக்கொண்டிருந்தார். நான் கெஞ்சிக் கூத்தாடி ஒரு கோலி சோடா வாங்கி, அது கையில் குலுங்காமல் ஓடி வந்தேன். அப்பா அதைக் குடித்தார். நீளமாக ஓர் ஏப்பம் விட்டார். "சரியாப் போச்சுடா" என்று சொல்லி என் தலையைத் தடவிக் கொடுத்தார். அந்த ஏப்பத்தைக் கேட்டு வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. என் பெருமையோ சொல்லி முடியாது; தகப்பனாரைக் காப்பாற்றியவன் நான் அல்லவா? அந்தப் பெருமையுடன் படுத்துத் தூங்கியவனை விடியற்காலையில் அம்மாவின் அலறல் எழுப்பிற்று.

இந்த விருத்தாந்தத்தை 45 வருஷ காலம் நான் யாரிடமும் சொன்னதில்லை. கல்யாணமான பிறகு என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

2023-ஆம் வருஷம் ஆவணி மாதம், கும்பகோணத்தில் ஓர் உறவினர் வீட்டுக் கல்யாணம். பந்தியில் வஞ்சனை இல்லாமல் சாப்பிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரவு பத்தரை மணி சுமாருக்கு, மார்பின் நடுவில் யாரோ ஒரு நெல் மூட்டையை இறக்கி வைத்தாற்போல் இருந்தது. வலி என்று அதைச் சொல்வதற்கில்லை, பாரம். அந்தப் பாரம் மெல்ல இடது தோளுக்கும் அங்கிருந்து கீழ்த்தாடைக்கும் பரவிற்று. மின்விசிறியின் கீழே உட்கார்ந்திருந்தும் சட்டை தொப்பலாக நனைந்து போயிற்று.

"ஏன்னா, இப்படி வேர்த்துக் கொட்டறதே?" என்றாள் மனைவி.

"ஒன்றுமில்லை, வாயு" என்றேன். வேறு என்ன சொல்வேன்? அது எங்கள் குலத்து வார்த்தை.

மோரில் பெருங்காயம் கரைந்து வந்தது. அதைக் குடித்துக்கொண்டிருக்கும்போது என் மைத்துனன், நல்ல பிள்ளை, செருப்பை மாட்டிக்கொண்டே, "அத்திம்பேரே, ஒரு சோடா வாங்கிண்டு வரட்டுமா?" என்று கேட்டான்.

சோடா என்ற வார்த்தை என் காதில் விழுந்ததும் ஊஞ்சலும் கூடமும் மறைந்து போய், சாத்திய கடையின் பலகைகளும் கையில் குளிர்ந்த புட்டியும்தான் என் முன்னே நின்றன. "வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொன்ன பிறகும் வேஷ்டி மாற்றிக்கொண்டு, பீரோச் சாவியை மனைவியிடம் ஒப்படைத்து, "நாளைக்கு நாலு பேர் என்ன சொல்லுவார்கள்? அஜீரணத்துக்கு ஆஸ்பத்திரியா என்று சிரிக்க மாட்டார்களா?" என்று தர்க்கம் செய்து, முழுசாக நாற்பது நிமிஷத்தை வீணாக்கினேன். பிறகு மைத்துனனின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனேன். இரண்டும் தவறு என்று பிற்பாடு தெரிந்தது. 2008 முதல் தமிழ்நாட்டில் 108 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் வண்டி வருகிறது. வழியில் இருதயம் நின்றால் அதைத் தட்டி எழுப்பும் சாதனத்தை ஸ்கூட்டரில் யார் வைத்திருக்கிறார்கள்?

ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். மார்பில் ஒயர்களை ஒட்டி ஈ.ஸி.ஜி. எடுத்தார்கள். ஆஸ்பிரின் மாத்திரையை விழுங்க வேண்டாம், மென்று தின்னுங்கள் என்றார்கள். மணிக்கட்டு ரத்தக் குழாய் வழியாக ஒரு மெல்லிய கம்பியை இருதயம் வரைக்கும் செலுத்தி, அடைத்திருந்த இடத்தில் பலூனை ஊதி விரித்து, மறுபடி மூடிக்கொள்ளாமல் இருப்பதற்காக ஸ்டென்ட் என்னும் வலைக் குழாய் ஒன்றை நிறுத்தினார்கள். இதெல்லாம் நடக்கும்போது நான் விழித்துக்கொண்டு இருந்தேன் என்பதுதான் ஆச்சரியம். பலூன் வைத்தியத்தை 1977-ஆம் வருஷத்தில் ஆண்ட்ரியாஸ் குரூன்ட்ஸிக் என்பவர் ஸூரிக் நகரத்தில் முதன்முதலாக விழித்திருந்த ஒரு மனிதருக்குச் செய்தாராம். அதாவது, என் தகப்பனார் சோடா குடித்ததற்கு முந்தின வருஷம். ஸூரிக்கிலிருந்து கும்பகோணத்துக்கு அது வந்து சேர வெகு காலம் பிடித்தது.

எனக்கு வைத்தியம் செய்த டாக்டர் அம்மாளுக்கு, என்னிடம் பூகோளம் படித்திருக்கக்கூடிய வயசுதான். மறுநாள் காலையில் அவரிடம், "நேற்று மாலை வரையில் நன்றாக இருந்தேனே?" என்று கேட்டேன்.

"சார், நீங்கள் காவேரிக் கரைக்காரர். உங்களுக்கு இது புரியும்" என்று அவர் ஆரம்பித்தார். இருதயம் நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை இறைக்கிறது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. இவ்வளவு ரத்தம் தன் வயிற்றுக்குள் புரண்டாலும், இருதயத்தின் தசை அதிலிருந்து உறிஞ்சிக்கொள்வதில்லை. மகாதமனியின் அடியிலிருந்து பிரிகிற இரண்டு சின்னக் குழாய்கள் மூலமாகத்தான் அதற்கு ஆகாரம் வர வேண்டும். ஆற்றில் வெள்ளம் கரை புரண்டாலும் வாய்க்கால் தூர்ந்தால் வயல் காய்ந்துதானே போகும்? கொழுப்பு அந்த வாய்க்காலின் சுவருக்குள்ளே இருபது முப்பது வருஷம் சத்தமில்லாமல் படிகிறது. ஒரு நாள் அந்தப் படிவு வெடிக்கிறது. அதன்மேல் ரத்தம் உறைகிறது. உறைவதற்குச் சில நிமிஷங்கள் போதும். பிறகு கழிகிற ஒவ்வொரு நிமிஷமும் தசை செத்துக்கொண்டே போகிறது.

"ஆகையால் நேற்று மாலையும் நீங்கள் நன்றாக இல்லை. தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான்" என்றார். "நாற்பது நிமிஷத்தை வீணாக்கியிருக்க வேண்டாம்." ஒரு பள்ளிக்கூடத்து உபாத்தியாயருக்கு இப்படித் திட்டு வாங்கிப் பழக்கமில்லை. வாங்கிக்கொண்டேன்.

எல்லோருக்கும் இந்த நெல் மூட்டை வருவதில்லை என்பதையும் அவரே சொன்னார். நீரிழிவுக்காரர்களுக்கு வலியே இல்லாமல் வரலாம். பெண்களுக்குச் சில சமயம் மூச்சுத் திணறலாக, குமட்டலாக, காரணமில்லாத அசதியாக மட்டும் வரும். வீட்டு வேலையின் அலுப்பு என்று அவர்களே தீர்மானித்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். இதைக் கேட்டபோது என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

இந்த மயக்கம் நம் ஊருக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். 1955 செப்டம்பரில் அமெரிக்க ஜனாதிபதி ஐஸன்ஹோவர், டென்வர் நகரத்தில் பகலெல்லாம் கால்ப் ஆடி, நடுவில் வெங்காயம் வைத்த ரொட்டியைச் சாப்பிட்டு, வயிறு சரியில்லை என்றார். நடுநிசிக்குமேல் மார்வலி வந்தது. மறுநாள் காலையில் பத்திரிகைக்காரர்களுக்குச் சொல்லப்பட்ட செய்தி, ஜனாதிபதிக்கு அஜீரணம் என்பதுதான்! உலகத்திலேயே பலம் பொருந்திய ராஜ்யத்தின் தலைவருக்கும் முதலில் வாயுதான் வந்திருக்கிறது. மார்படைப்பு என்று பிற்பாடுதான் வெளியாயிற்று.

நான் வீடு திரும்பியதும் வேறொரு வியாதி என்னைப் பிடித்தது. அதன் பெயர் பயம். என் அக்கா திருச்சியிலிருந்து வந்து இறங்கினாள். "படி ஏறாதேடா. குனியாதே. உரக்கப் பேசாதே. குடத்தைத் தொடாதே" என்று கட்டளைகள் பிறந்தன. பூஜையில் வைத்த கண்ணாடிப் பாத்திரம் மாதிரி என்னைக் கூடத்து மூலையில் வைத்தார்கள். எனக்கும் அது சௌகரியமாகவே இருந்தது. ராத்திரியில் இடது பக்கம் படுத்தால் இருதயத்தின் ஓசை காதில் கேட்கும். அதை எண்ணிக்கொண்டே விடிய விடிய விழித்திருப்பேன்.

பத்து நாள் கழித்து டாக்டரிடம் போனபோது, "தினம் எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள், சார்?" என்றார். கூடத்திலிருந்து கொல்லைப்புறம் வரையில் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அன்றிலிருந்து நடப்பதுதான் மருந்து என்றார். முதல் வாரம் பத்து நிமிஷம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி அரை மணி நேரம். சாப்பிட்டவுடன் கூடாது, மார்பு கனத்தால் அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும்.

இருதயம் நைந்து போனவனை நடக்கச் சொல்வதாவது என்று அக்கா ஆக்ஷேபித்தாள். இந்த விவகாரம் அக்காவுக்கும் டாக்டருக்கும் மட்டும் நடந்ததல்ல. வைத்திய சாஸ்திரத்துக்குள்ளேயே இரண்டு நூற்றாண்டு நடந்திருக்கிறது. மார்வலியை 1768-ல் விவரித்த ஆங்கில வைத்தியர் வில்லியம் ஹெபர்டன், தினம் அரை மணி நேரம் மரம் அறுத்தே ஏறக்குறையக் குணமடைந்த ஒருவரைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். பிற்கால வைத்தியர்கள் அதை மறந்துவிட்டு, மார்படைப்பு வந்தவர்களை ஆறு வாரம் அசையாமல் படுக்கப் போட்டார்கள். கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து, அது நுரையீரலுக்கு ஏறிச் சிலர் படுக்கையிலேயே மாண்டார்கள். 1952-ல் பாஸ்டன் நகரத்தில் லெவைன், லௌன் என்ற இருவர் நோயாளிகளை நாற்காலியில் உட்கார வைத்தது பெரிய துணிச்சலாகக் கருதப்பட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது லண்டன் பஸ்களின் கதை. அங்கே மாடி பஸ்களில் டிரைவர் நாளெல்லாம் உட்கார்ந்திருப்பார். கண்டக்டரோ டிக்கெட் கொடுப்பதற்காக ஒரு நாளில் ஐந்நூறு, அறுநூறு படிகள் ஏறுவார். ஒரே கம்பெனி, ஒரே ஊர், ஒரே வகைக் குடும்பம். டிரைவர்களை விடக் கண்டக்டர்களுக்கு மார்படைப்பு வெகுவாகக் குறைவு என்று ஜெரமி மாரிஸ் என்ற டாக்டர் 1953-ல் பிரசுரித்தார். டிரைவர்கள் பருமனானவர்கள், அதனால்தான் என்று சிலர் சொன்னார்களாம். மனிதர் விடவில்லை, கம்பெனி தைத்துக் கொடுத்த கால்சட்டைகளின் இடுப்பு அளவுக் கணக்கையே வாங்கிப் பார்த்தார். ஒல்லியோ பருமனோ, படி ஏறினவருக்கே லாபம் என்று கண்டார். மாரிஸ் 2009-ல் காலமானபோது அவருக்கு வயது 99. இதை அக்காவிடம் சொன்னேன். "அவருக்கு நல்ல ஆயுசு, அவ்வளவுதான்" என்றாள்.

முதல் நாள் தெருக்கோடி விளக்குக் கம்பம் வரைக்கும் போனேன். மனைவி பின்னால் செம்பில் ஜலத்துடன் வந்தாள். தெருவே திண்ணையில் நின்று எங்கள் ஊர்வலத்தைப் பார்த்தது. இரண்டு மாதத்தில் மகாமகக் குளத்தை வலம் வர ஆரம்பித்தேன். கரையில் 16 மண்டபங்கள். என் நடைக்கு ஒரு சுற்று எட்டு நிமிஷம். நாலு சுற்று. வாரத்துக்கு 150 நிமிஷம் என்பது உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு. வாரத்தில் ஐந்து நாள் போனாலே அது தீர்ந்துவிடுகிறது. வேகத்துக்கு டாக்டர் ஒரு சூத்திரம் சொல்லியிருந்தார்: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. தஞ்சாவூர் ஜில்லாக்காரனுக்கு இது கடுமையான நிபந்தனை. என் பாட்டை அறிந்த மனைவி, இந்த ஒரு விதிக்காகவே அந்த அம்மாளுக்குக் கோயிலில் அர்ச்சனை செய்ய வேண்டும் என்றாள்.

என் யோக்கியதையையும் சொல்லிவிட வேண்டும். நான்காவது மாதம் உடம்பு தெம்பாகிவிட்டது. பல் தேய்க்கையில் ஈறில் ரத்தம் கசிந்தது. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையின் வேலை அது என்று நானே கண்டுபிடித்து, நானே நான்கு நாள் நிறுத்திவிட்டேன். விஷயம் தெரிந்ததும் டாக்டர் பேசிய பேச்சை இங்கே எழுதப் போவதில்லை. புதிதாக வைத்த ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்தால், முன்பு தப்பிய மாதிரி தப்புவது துர்லபம். கசிவு இருந்தால் கேட்க வேண்டுமே தவிர நிறுத்தக் கூடாது என்பது அதன் சாராம்சம்.

உப்பு விஷயத்தில் நான் பட்ட பாடு தனிப் புராணம். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது தலைதட்டி ஒரு தேக்கரண்டிக்குள், எல்லாம் அடங்க வேண்டும். அப்பளமும் வடுமாங்காயும் அதில் எங்கே அடங்கும்? வடுமாங்காய் ஜாடி எதிர்வீட்டுக்குப் போய்விட்டது. காப்பியை மட்டும் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டு சாப்பிடலாம் என்று உத்தரவானது, அவ்வளவில் பிழைத்தேன்.

இனி என் மைத்துனனைப் பற்றி. வயது 46; பட்டு ஜவுளிக் கடையில் காலை முதல் இரவு வரை உட்கார்ந்திருக்கும் உத்தியோகம்; ஐந்து வருஷமாக நீரிழிவு. 52 நாடுகளில் நடந்து 2004-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, தெற்காசியர்களுக்கு மற்றவர்களைவிட ஐந்தாறு வருஷம் முன்னதாகவே மார்படைப்பு வருகிறது என்று காட்டிற்று. அதே ஆராய்ச்சி, பத்தில் ஒன்பது பங்கு அபாயத்துக்கு ஒன்பது காரணங்களே போதும் என்றும், அவை எல்லா நாட்டுக்கும் பொது என்றும் சொல்லிற்று. புகையிலை, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, தொந்தி, உட்கார்ந்தே கிடப்பது என்று போகிற அந்த ஜாபிதாவில் சில, ஓர் அளவு நாடாவாலும் ஒரு சொட்டு ரத்தத்தாலும் தெரிந்துவிடும். என் தகப்பனாருக்கு வெற்றிலையோடு புகையிலையும் உண்டு. அவருடைய ரத்த அழுத்தம் என்னவென்று யாருக்கும் தெரியாது, அளந்ததே இல்லை.

மைத்துனனும் அளந்துகொள்ள மறுத்தான். "எனக்கு ஒண்ணும் பண்ணலையே, அத்திம்பேரே" என்றான். 2023-ல் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மார்படைப்புக்கு முதல் மாத்திரைகளை வைத்திருக்க அரசாங்கம் ஏற்பாடு செய்தது. அங்கே ரத்த அழுத்தம் பார்க்கக் காசு கேட்பதில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அதற்கும் சிரித்தான். கடைசியில், சுமார் ஒரு வருஷத்துக்கு முன், மகாமகக் குளத்துப் படியில் அவனை உட்கார வைத்து அந்தச் சோடாக் கதையைச் சொன்னேன். கடைப் பலகை, கோலி, ஏப்பம், அப்பா என் தலையைத் தடவியது எல்லாவற்றையும் சொன்னேன். அவன் வெகு நேரம் ஜலத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் அளந்தார்கள். 168-க்கு 104. யந்திரம் பழுது என்றான். வேறு யந்திரத்தில் 166-க்கு 102 வந்தது. இப்போது மாத்திரை சாப்பிடுகிறான். காலையில் என்னுடன் சுற்றுகிறான். நேற்று மூன்றாவது சுற்றில் திடீரென்று ஒரு ராகத்தை எடுத்தான். பாதியில் மூச்சு முட்டி நின்றுவிட்டது.

"வேகம் சரிதான், அத்திம்பேரே" என்றான்.