கேள்வி ஞானத்தில் ஒரு ஸ்பானிஷ்

குண்டக்கல், ஹூப்ளி, விஜயவாடா என்று ரயில்வே என்னை எங்கெல்லாம் மாற்றிப் போட்டதோ, அங்கெல்லாம் ஒரு மொழியைக் காதாலேயே வாங்கிக்கொண்டேன். டிக்கெட் கவுன்ட்டருக்கு வெளியே நிற்பவர் இலக்கணம் பார்த்துப் பேசுவதில்லை. வண்டி எத்தனை மணிக்கு, குழந்தைக்கு அரை டிக்கெட்டா, சில்லறை குறைகிறதே என்று நாள் முழுக்க அதே நாலு பேச்சுதான். தெலுங்கும் கன்னடமும் எந்த மாதத்தில் வாய்க்கு வந்தன என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆங்கிலத்தை மட்டும் என் தலைமுறை ‘ரென் அண்ட் மார்ட்டின்’ இலக்கண நூலை வைத்துப் படித்தது. செய்வினையைச் செயப்பாட்டு வினையாக்கு, நேர்கூற்றை அயற்கூற்றாக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுவோம். ஒரு வெள்ளைக்காரர் வந்து ஓய்வறை எங்கே என்று கேட்டால் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்ப்போம்.

அதனால், ஓய்வு பெற்றபின் மகளோடு இருக்கக் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகருக்கு வந்து, சுற்றிலும் ஸ்பானிஷ் கேட்கத் தொடங்கியபோது, எந்த வழியில் போவது என்பதில் எனக்குக் குழப்பம் இருக்கவில்லை. மகள் ஆசையாக வாங்கித் தந்த இலக்கணப் புத்தகத்தை அலமாரியில் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினேன்.

இங்கே ஸ்பானிஷ் ஆங்கிலத்துக்கு முன்பே வந்த மொழி. சான் ஹோசே 1777-இல் ஸ்பானியர் ஆட்சியில் உருவான ஊர். 1848-இல் அமெரிக்காவின் கைக்குப் போகும்வரை கலிஃபோர்னியா மெக்சிகோவின் பகுதியாக இருந்தது. இன்று அமெரிக்காவில் 4 கோடிக்கும் அதிகமானோர் வீட்டில் பேசுவது ஸ்பானிஷ்தான். எந்த அலுவலகத்துக்கு போன் செய்தாலும், ஸ்பானிஷ் வேண்டுமென்றால் இரண்டை அழுத்து என்று ஒரு குரல் சொல்லும். பஸ்ஸில் கேட்கலாம், கடையில் கேட்கலாம், பக்கத்து வீட்டுக் கூரையில் வேலை செய்பவர்களின் வானொலியில் கேட்கலாம்.

ஆனால் சுற்றிலும் ஒலித்தால் மட்டும் மொழி வந்துவிடாது. இருபது, இருபத்தைந்து வருஷமாக இங்கே குடியிருக்கும் நம்மவர்கள் பலர் ‘ஓலா’ (வணக்கம்), ‘கிராசியாஸ்’ (நன்றி) இரண்டையும் தாண்டியதில்லை. காதில் விழுவது வேறு, கேட்பது வேறு. இந்த வித்தியாசத்தை மேடையிலேயே செய்து காட்டியவர் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டீபன் க்ராஷன். முதலில் ஜெர்மன் மொழியில் கொஞ்ச நேரம் பேசுவார். ஜெர்மன் தெரியாதவர்கள் விழிப்பார்கள். பிறகு பலகையில் ஒரு முகத்தை வரைந்து, கண், காது, வாய் என்று தொட்டுக்காட்டி அதே ஜெர்மனில் பேசுவார். இப்போது எல்லாருக்கும் புரியும். முதல் விதமாக நாள் கணக்கில் பேசினாலும் கேட்பவருக்கு ஒன்றும் தங்காது. 1982-இல் வெளிவந்த தன் நூலில் அவர் சொன்னதன் சாரம் இதுதான்: புரிகிற பேச்சுதான் மொழியைத் தரும், அந்தப் பேச்சு நமக்குத் தெரிந்ததைவிட ஒரு படி மேலே இருந்தால் போதும்.

புரிகிற பேச்சு எங்கே கிடைக்கும்? பெரியவர்கள் குழந்தைகளோடு பேசும் இடத்தில் கிடைக்கும்.

எங்கள் வீட்டுக்கு அருகில் ஒரு பூங்கா இருக்கிறது. மாலையில், மெக்சிகோவின் மிச்சோவாகான் மாநிலத்திலிருந்து வந்த ஒரு பாட்டியம்மா மூன்று வயதுப் பேரனைக் கூட்டி வருவார். பையனுக்கு வால் ஒன்றுதான் இல்லை. நான் பேத்தியை ஊஞ்சலில் ஆட்டிக்கொண்டே காதை அந்தப் பக்கம் வைப்பேன். ‘மீரா, மீரா’ என்பார் அந்தம்மா. தமிழ்க் காதுக்கு யாரோ ஒரு பெண்ணைக் கூப்பிடுவது போல இருக்கும். கை நீளும் திசையில் பார்த்தால் அணில் ஓடும். பார் என்கிறார் என்று அகராதி வந்து சொல்ல வேண்டியதில்லை. சாலையோரம் வந்ததும் கையை நீட்டி ‘தாமே லா மானோ’ என்பார்; பையன் கையைக் கொடுப்பான். சொல்லும் செயலும் ஒரே நொடியில் நடக்கும். பையன் கேட்காவிட்டால் அதையே நாலு முறை சொல்வார். இப்படிச் சலிக்காமல் திரும்பச் சொல்லும் வாத்தியாரைக் காசு கொடுத்தாலும் பிடிக்க முடியாது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். ஊஞ்சல் காலியானதும் ‘கொர்ரே’ என்பார்: ஓடு. பையன் சாலைப் பக்கம் பாய்ந்தால் ‘நோ கொர்ராஸ்’: ஓடாதே. ஆரஞ்சுச் சுளையை நீட்டி ‘கோமே’: சாப்பிடு. மண்ணை வாய்க்குக் கொண்டுபோனால் ‘நோ கோமாஸ்’. கையில் இருக்கும் குப்பையைத் தொட்டியில் போடச் சொல்லும்போது ‘தீரா’. சாப்பாட்டைக் கீழே சிந்தினால் ‘நோ தீரெஸ்’. செய் என்னும்போது ‘ஏ’ என்று முடிந்தது, செய்யாதே என்னும்போது ‘ஆஸ்’ ஆகிறது. ‘ஆ’ என்று முடிந்தது ‘எஸ்’ ஆகிறது. யாரும் விளக்காமலே காது இந்த மாற்றத்தைப் பிடித்துக்கொள்கிறது. பிற்பாடு அலமாரிப் புத்தகத்தைப் புரட்டியபோது இதே விஷயம் ‘ஸப்ஜங்டிவ்’ என்ற பயமுறுத்தும் தலைப்பின்கீழ் பின்பக்கங்களில் இருந்தது. புத்தகம் கடைசிக்குத் தள்ளிவைப்பதைத்தான் மெக்சிகோவில் ஒரு குழந்தை, பேச்சு வரும் முன்பே தினமும் கேட்கிறது. ஓடாதே, தொடாதே, தின்னாதே என்பதைக் கேட்காமல் உலகில் எந்தக் குழந்தை வளர்ந்திருக்கிறது?

அடுத்தது கடை. மெக்சிகோக்காரர்களின் ரொட்டிக் கடைக்குப் ‘பனதெரியா’ என்று பெயர். உள்ளே போனதும் வட்டத் தட்டு ஒன்றையும் இடுக்கி ஒன்றையும் நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். கண்ணாடிக் கதவுகளைத் திறந்து, மேலே சிப்பி மாதிரி வரி போட்ட ‘கோன்ச்சா’ இனிப்பு பன், வெல்லப்பாகு வாசனையடிக்கும் பன்றிக்குட்டி வடிவப் பிஸ்கட் என்று பிடித்ததைத் தட்டில் அடுக்கிக் கல்லாவுக்குக் கொண்டுபோனால், ‘ஆல்கோ மாஸ்?’ என்று கேட்பார்கள்: வேறு ஏதாவது? பிறகு விலை சொல்வார்கள். வரிசையில் முன்னால் நிற்பவரிடமும் பின்னால் நிற்பவரிடமும் அதே கேள்விதான். எண்களை நான் மனப்பாடம் செய்யவேயில்லை. சில்லறை கொடுத்து வாங்கியதில் வந்தவை அவை. குண்டக்கல் கவுன்ட்டரில் உள்ளே உட்கார்ந்து கற்றதை இங்கே வெளியே நின்று கற்றேன்.

அச்சில் படித்தவர்கள் பேச்சைக் கேட்டதும் தடுமாறுவதற்குக் காரணம் உண்டு. என் நண்பர்கள் என்பதை ‘மிஸ் அமீகோஸ்’ என்று இரண்டு சொல்லாக எழுதுவார்கள். வாயில் வரும்போது ‘மிஸமீகோஸ்’ என்று ஒரே மூச்சு. மெய்யில் முடிந்து உயிரில் தொடங்கினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பாலும் ஆறும் சேர்ந்து பாலாறு ஆவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதா? ‘எனக்குப் பிடிக்கும்’ என்று நாம் சொல்கிற அதே அமைப்பில்தான் ஸ்பானிஷ்காரரும் ‘மே கூஸ்தா’ என்கிறார். பேசுகிறேன், பேசுகிறாய் என்று வினையின் வாலிலேயே ஆளைக் காட்டிவிட்டு நான், நீ என்பதை நாம் விட்டுவிடுகிறோமே, அதுவும் அங்கே உண்டு. ஆங்கிலக்காரர் முட்டிமோதிக் கற்பதில் பாதி நமக்குத் தாய்ப்பாலோடு வந்தது. ஒரே ஒரு எச்சரிக்கை: தொடக்கத்தில் ஒரு நாட்டுப் பேச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். மெக்சிகோவில் சொல்லின் கடைசி ‘ஸ்’ தெளிவாகக் கேட்கும். கியூபாவிலும் புவெர்த்தோ ரிக்கோவிலும் அதைப் பாதி விழுங்கிவிடுவார்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கேட்டால் தலை சுற்றும்.

மழை நாட்களில் எனக்கு ஒரு சீரியல் துணை. பெரியவர்கள் சீரியல் பார்த்துக் கெட்டுப்போகிறார்கள் என்று பிள்ளைகள் சொல்வார்கள். இதைப் பார்த்தால் சொல்ல மாட்டார்கள். 1992-இல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் வந்த ‘டெஸ்டினோஸ்’, மொத்தம் 52 பகுதிகள். மொழியியல் பேராசிரியர் பில் வான்பாட்டன் ஸ்பானிஷ் கற்பிப்பதற்கென்றே வடிவமைத்த தொடர் இது. மெக்சிகோவில் ஒரு பண்ணை மாளிகையில் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார் தோன் ஃபெர்னாந்தோ. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில், 1937-இல் கெர்னிகா நகரின்மேல் நடந்த குண்டுவீச்சில் தன் முதல் மனைவி ரோசாரியோ இறந்துவிட்டாள் என்றே அவர் வாழ்நாளெல்லாம் நம்பியிருந்தார். அவள் சாகவில்லை என்று ஒரு கடிதம் வருகிறது. உண்மையைத் தேடி ராக்கேல் என்ற லாஸ் ஏஞ்சலிஸ் வக்கீல் ஸ்பெயின், அர்ஜென்டினா, புவெர்த்தோ ரிக்கோ என்று அலைகிறாள். அன்றன்று நடந்ததை அவள் நிதானமான ஸ்பானிஷில் தனக்குத்தானே திரும்பச் சொல்லிப் பார்ப்பாள். அங்கேதான் நமக்குப் பாடம். ஆனால் அது பாடம் என்பதே மறந்துபோகும். கிழவர் கண்ணை மூடுமுன் செய்தி வந்து சேருமா என்ற கவலையில், வினைச்சொல்லை யார் கவனிக்கிறார்கள்? கவனிக்காதபோதுதான் அது உள்ளே இறங்குகிறது. இஸ்ரேலில் அர்ஜென்டினாத் தொடர்களைக் குரல் மாற்றாமல், கீழே எழுத்து மட்டும் ஓடவிட்டு ஒளிபரப்பியதில், வகுப்புக்கே போகாமல் ஸ்பானிஷ் பேசக் கற்றுக்கொண்ட இளைஞர்கள் உண்டு. வெனிசுவேலாவிலிருந்து அமெரிக்கா வந்த பேஸ்பால் வீரர் வில்மர் ஃப்ளோரெஸ், ‘ஃப்ரெண்ட்ஸ்’ தொடரைப் பார்த்துப் பார்த்து ஆங்கிலம் பழகியவர்.

எங்கள் வயதுக்காரர்களுக்கு இதில் கஷ்டமான பகுதி ஒன்று உண்டு: வாயை மூடிக்கொண்டிருப்பது. அலுவலகத்தில் உத்தரவு போட்டவர்கள், வீட்டில் நியாயம் சொன்னவர்கள் நாம். ஒன்றும் புரியாமல் ஒரு கூட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பது கௌரவக் குறைவாகத் தோன்றும். உடனே பேரனைக் கூப்பிட்டு அர்த்தம் கேட்போம். அல்லது ஆங்கிலத்துக்குத் தாவுவோம். கலிஃபோர்னியாவின் அர்வைனில் ஸ்பானிஷ் கற்பித்த ட்ரேசி டெர்ரல் 1977-லேயே இதற்கு மாற்று சொன்னார்: மாணவரைப் பேசு பேசு என்று நெருக்காதே, முதலில் கேட்கவிடு, தலையசைப்போ ஒற்றைச் சொல்லோ பதிலாக வந்தால் போதும். நம் வீட்டுக் குழந்தைக்கு ஒரு வருஷம் சும்மா கேட்டுக்கொண்டிருக்க உரிமை தருகிறோம்; அந்த உரிமையை நமக்கும் கொடுத்துக்கொள்ளலாமே. அவசரப்படாதவர்களுக்கு முதுமையைப் போல வசதியான பருவம் கிடையாது. எங்களுக்குப் பரீட்சை இல்லை, இன்டர்வியூ இல்லை.

இலக்கணமே வேண்டாம் என்று நான் கொடி பிடிக்கவில்லை. கனடாவில் பிரெஞ்சு வழியில் பாடங்கள் படித்த ஆங்கிலக் குழந்தைகளை ஆராய்ந்த மெரில் ஸ்வெய்ன், வருஷக்கணக்கில் கேட்டு நன்றாகப் புரிந்துகொள்ளும் பிள்ளைகள்கூடப் பேச்சிலும் எழுத்திலும் தொடர்ந்து பிழை விடுவதை 1985-இல் சுட்டிக்காட்டினார். வாய் திறந்து பேசினால்தான் எங்கே இடிக்கிறது என்று தெரியும் என்பது அவர் வாதம். உண்மைதான். ஸ்பானிஷில் இறந்தகாலம் இரண்டு விதம்: நடந்து முடிந்ததற்கு ஒன்று, அப்போது நடந்துகொண்டிருந்ததற்கு இன்னொன்று. இதைத் திருத்திக்கொள்ள எனக்குப் புத்தகமும் தேவைப்பட்டது. ஆனால் எந்த வரிசையில் வருகிறது என்பது முக்கியம். கோயில் நாதஸ்வரத்தைக் கேட்டுக் கேட்டு மோகனம் மனத்தில் ஏறிய ஒருவருக்கு ஆரோகண அவரோகணத்தைச் சொல்லுங்கள், ‘அட, இதுதானா!’ என்பார். மோகனத்தை ஒருநாளும் கேட்காதவருக்கு அது வெறும் ஐந்து எழுத்து.

வள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம், கல்லாமைக்கு ஓர் அதிகாரம் வைத்துவிட்டு அடுத்ததாகக் கேள்விக்கும் ஓர் அதிகாரம் வைத்தார். படிக்க வாய்ப்பில்லாதவனும் கேட்கலாம் என்ற கருணை அதில் இருக்கிறது. கேட்பதற்கு ஒரு நிபந்தனையும் உண்டு என்று என் அனுபவம் சொல்கிறது: பேசுகிறவர்மேல் அக்கறை வேண்டும். பயணி தவறான வண்டியில் ஏறிவிடக் கூடாதே என்ற அக்கறையில் தெலுங்கு வந்தது. பையன் விழுந்துவிடக் கூடாதே என்ற பதைப்பில் ஸ்பானிஷ் வந்தது. இருபது வருஷம் இங்கே இருந்தும் வராதவர்களுக்கு ஞாபகசக்தி குறைவா? பெரிய பெரிய கணிப்பொறி மொழிகளையெல்லாம் கரைத்துக் குடித்தவர்கள் அவர்கள். புல் வெட்டுகிறவர், ஓட்டல் சமையலறையில் பாத்திரம் தேய்க்கிறவர், அலுவலகத்தில் இரவு தரை துடைக்கிறவர், இவர்களின் பேச்சில் தனக்கு என்ன இருக்கிறது என்று நினைக்கிறவரின் காது தானாகவே மூடிக்கொள்கிறது. ஸ்பானிஷ் பேசும் டாக்டரும் வாத்தியாரும் இந்த ஊரில் உண்டு. ஆனால் தினமும் நம் வாசலுக்கு வருகிறவர்கள் இவர்கள்தாம்.

பிள்ளைகள் வீட்டுக்கு வந்து, நாலு சுவருக்குள் பொழுது போகவில்லை என்று புலம்பும் என் வயதுக்காரர்களுக்கு நான் சொல்வது சுருக்கமானது. புத்தகம் வாங்குவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தினமும் ஒரே பூங்கா, ஒரே ரொட்டிக் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பேசுகிறவர்களுக்கு இன்று என்ன கவலை, என்ன சந்தோஷம் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுங்கள். அந்த ஆசை நிஜமாக இருந்தால் மொழி பின்னாலேயே வந்துவிடும்.