பார்மா நகரின் ஒற்றைப் பிரதி

வட இத்தாலியில் மிலானிலிருந்து பொலோஞாவுக்குச் செல்லும் புகைவண்டிப் பாதையில் பார்மா நகர் அமைந்துள்ளது. பாற்கட்டிக்குப் பேர்பெற்ற ஊர். அங்கே இறங்கும் பயணிகள் பேராலயக் கவிகையில் கொரெஜ்ஜோ தீட்டிய தேவதாயின் விண்ணேற்பு ஓவியத்தைக் காண விரைவர். நாமோ அன்பர்களைப் பிலோத்தா அரண்மனைக்கு அழைக்கின்றோம். அதனுள் இயங்கும் பலத்தீனா நூலகத்தில், இன்று ஒரே பிரதியாக எஞ்சியுள்ள எபிரேய நூலொன்று காக்கப்படுகின்றது.

மோசேயின் ஐந்நூல்களுக்கு ராஷி வரைந்த உரை அது. திருநூலின் மூலமின்றி உரை மட்டுமே அச்சாகியுள்ளது. 1475 பிப்ரவரியில், சிசிலித் தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள ரெஜ்ஜோ கலாப்ரியாவில் ஆபிரகாம் பென் கார்த்தோன் என்பவர் அதனை வெளியிட்டார். ஆண்டு குறிக்கப்பெற்று அச்சான எபிரேய நூல்களுள் நாம் அறிந்தவரை இதுவே முதலாவது. அவர் வார்த்த எழுத்து வகைக்குப் பிற்காலத்தில் 'ராஷி எழுத்து' என்றே பெயர் நிலைத்தது. ராஷி அவ்வாறு எழுதியவரே அல்லர் என்பது வேடிக்கை!

ரபி ஷ்லோமோ இட்சாக்கி என்னும் பெயரின் சுருக்கமே ராஷி. பிரான்சு நாட்டுத் த்ருவா நகரில் 1040இல் பிறந்தவர். ரைன் ஆற்றங்கரையின் மாயின்ஸ், வோர்ம்ஸ் நகரங்களில் பயின்றவர். 1096இல் சிலுவைப்போருக்குப் புறப்பட்ட கூட்டத்தார் அவ்விரு நகரங்களிலும் யூதரைக் கொன்று குவித்தபோது அவர் உயிரோடிருந்தார். 1105இல் மறைந்தார். சொல்லின் நேர்ப்பொருளை முதலில் தெளிவாக்குவது அவர் முறை. எபிரேயச் சொல் கடினமாயின், ஊரார் பேசிய பிரெஞ்சுச் சொல்லையே எபிரேய எழுத்தில் எழுதி விளக்குவார். மறையுரை ஆற்றும் நம்போன்றோர்க்கு அந்த எளிமையின் அருமை புரியும்.

நம் திருச்சபையும் அவருக்குக் கடன்பட்டுள்ளது. 1349இல் இறந்த பிரான்சிஸ்கு சபைத் துறவி லீராவின் நிக்கோலாஸ் தம் இலத்தீன் விவிலிய உரையில் ராஷியின் விளக்கங்களை நிறைய எடுத்தாண்டார். அவ்வுரை 1471-72இல் உரோமையில் அச்சேறியது. ஆக, எபிரேயத்தில் அச்சாகுமுன்பே ராஷியின் கருத்துகள் இலத்தீன் வழியாக நம் குருக்களின் கைகளை எட்டிவிட்டன.

மறைக்கலாகாத மறுபக்கமும் உண்டு. 1541இல் கலாப்ரியா அடங்கிய நேப்பிள்ஸ் அரசிலிருந்து யூதர் அறவே வெளியேற்றப்பட்டனர். 1553இல் உரோமையின் காம்போ தே ஃபியோரிச் சதுக்கத்தில், திருச்சபை விசாரணை மன்றத்தின் ஆணைப்படி, தல்மூது ஏடுகள் எரிக்கப்பட்டன.

பார்மாப் பிரதியைத் தேடிச் சேர்த்தவரும் ஒரு கத்தோலிக்கக் குருவே: ஜொவான்னி பெர்னார்தோ தெ ரோஸ்ஸி. 1769 முதல் அந்நகரில் கீழைமொழிப் பேராசிரியராய் இருந்த அவர், எபிரேயச் சுவடிகளையும் அச்சு நூல்களையும் நூற்றுக்கணக்கில் தொகுத்தார். 1816இல் பார்மாவின் கோமாட்டி மரீ லூயிஸ் அத்தொகுப்பை விலைக்கு வாங்கி இந்நூலகத்திற்கு அளித்தார். அச்சிட்ட ரெஜ்ஜோவிலோ இன்று ஒரு பிரதியும் இல்லை.