ஐந்து நான்கைவிடப் பெரிது

கதையும் கவிதையும் பேசுகிறவர்களிடம் கியர் ஆயில் பற்றிப் பேச வந்திருப்பது விபரீதமாகத் தோன்றலாம். அண்ணனும் தம்பியுமாகிய நாங்கள் இருவரும் இதை எழுத வேண்டும் என்று எண்ணி, எண்ணியே இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓட்டிவிட்டோம். தள்ளிப்போட்டதற்குக் காரணம் சோம்பல் அல்ல. எழுதினால் ஒரு தவற்றை ஒப்புக்கொண்டாக வேண்டும்.

போடிநாயக்கனூரில் விடியற்காலை நான்கு மணிக்கு விழித்திருப்பவர்கள் ஜீப்புக்காரர்களும் ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்களும்தான். தூக்குச்சட்டியும் கம்பளித் துண்டுமாக ஏறிக்கொள்வார்கள். போடிமெட்டு தாண்டி இடுக்கித் தோட்டங்களில் இறங்கிக் காயெடுத்து, அந்தியில் அதே வண்டியில் திரும்புவார்கள். எங்கள் அப்பாவும் அப்படியொரு ஜீப் வைத்திருந்தார். மகிந்திராவின் பழைய மூன்று கியர் வண்டி. அதன் பெட்ரோல் எஞ்சின் எப்போதோ இறங்கி, டீசல் எஞ்சின் ஏறியிருந்தது. எந்த கியரில் மலை ஏறினாயோ அதே கியரில்தான் இறங்க வேண்டும் என்பது அவர் எங்களுக்குக் கற்றுத்தந்த முதல் விதி. பிரேக்கை நம்பி இறங்குகிறவனை அவர் ஓட்டுநராகவே மதித்ததில்லை.

2003ஆம் ஆண்டு சித்திரையில் அந்த ஜீப்பின் கியர் பாக்ஸைக் கழற்ற வேண்டியதாயிற்று. அப்பாவின் நண்பரான வயதான மெக்கானிக் ஒருவர் பாக்ஸைப் பிரித்துப் பழைய சாக்கின் மேல் பரப்பி வைத்தார். அந்த வகை பாக்ஸில் முதல் கியருக்கும் ரிவர்ஸுக்கும் சின்க்ரோ கிடையாது; இரண்டுக்கும் மூன்றுக்கும் மட்டும்தான் உண்டு. பித்தளை நிறத்தில், கைவளையல் போன்ற ஒரு வளையம். அதன் உட்புறத்தில் மிக மெல்லிய மரை வெட்டியிருக்கும். கியரைத் தள்ளும்போது இந்த வளையம் பல்சக்கரத்தின் கூம்பு போன்ற தோளை இறுகப் பற்றி, அதன் வேகத்தைத் தன் வேகத்துக்குக் கொண்டுவருகிறது. இரண்டும் ஒரே வேகத்தில் சுழலத் தொடங்கியதும் பல்லோடு பல் சத்தமின்றிச் சேர்கிறது. பழைய வளையங்களில் அந்த மரை முற்றிலும் தேய்ந்து வழவழப்பாகியிருந்தது. புதிய வளையங்கள், பேரிங்குகள், சீல்கள் எல்லாம் மதுரையிலிருந்து வந்தன. செலவு அப்பாவின் இரண்டு மாத வருமானம்.

"தொண்ணூறு ஆயில் ஊத்துங்க தம்பி. ஜி.எல். நாலான்னு பாத்து வாங்குங்க" என்று சொல்லிவிட்டு, மெக்கானிக் ஒரு துட்டிக்காகத் தேவாரம் போய்விட்டார்.

நாங்கள் இருவரும் பட்டம் பெற்றவர்கள். கடையில் நான்கும் இருந்தது, ஐந்தும் இருந்தது. ஐந்து விலை கூடியது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் ஐந்துதான் ஊற்ற வேண்டும் என்றார் கடைக்காரர். அது முற்றிலும் சரியே. அச்சுக்கே ஐந்து என்றால், இவ்வளவு செலவு செய்த பாக்ஸுக்கு மட்டும் எதற்கு நான்கு என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். பெரியவர் பழைய காலத்து மனிதர். அவர் காலத்தில் ஐந்து வந்திருக்காது என்றும் தீர்மானித்துக்கொண்டோம். ஒரே டின்னில் வாங்கி மூன்று இடத்திலும் ஊற்றினோம். அப்பாவிடம் "உயர்ந்த ஆயில்" என்று சொன்னபோது அவர் முகத்தில் தெரிந்த பெருமை இன்றும் நினைவிருக்கிறது.

முதல் வாரத்திலேயே அப்பா சொன்னார்: ஏறும்போது ஒன்றுமில்லை, பாக்ஸ் சூடேறி இறங்கும்போது மூன்றிலிருந்து இரண்டுக்கு வர மறுக்கிறது, கரகரவென்று சத்தமிடுகிறது. புது பாக்ஸ், ஓட ஓடச் செட்டாகிவிடும் என்றோம். அவர் டபுள் கிளட்ச் அடித்துச் சமாளித்தார். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, விட்டு, ஆக்சிலேட்டரை ஒரு முறை கொடுத்து, மீண்டும் மிதித்து இரண்டாவதைப் போடும் அந்தப் பழைய வித்தை அவருக்குக் கைவந்தது. அதனால்தான் எங்கள் தவறு மூன்று மாதம் மறைந்திருந்தது.

ஆடி மாதத்தில் ஒரு மாலை. சாரல். வண்டியில் ஒன்பது பெண்கள். ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் நியூட்ரலுக்கு வந்த வண்டி, அதன்பின் இரண்டாவது கியருக்குள் போகவேயில்லை. திரும்ப மூன்றாவதற்கும் போகவில்லை. எஞ்சினின் பிடி விட்டுப்போன ஜீப் இறக்கத்தில் எவ்வளவு விரைவாக வேகமெடுக்கும் என்பதை அப்பா பிறகு ஒரே ஒரு முறைதான் எங்களிடம் விவரித்தார். பள்ளத்தின் பக்கம் விடாமல், மலைச்சரிவின் பக்கமிருந்த வாய்க்காலில் இறக்கி, பாறையில் உரசி நிறுத்தியிருக்கிறார். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓர் அக்காவுக்கு மணிக்கட்டு முறிந்தது. ஏலக்காய் பறிப்பது முழுக்க விரல்களின் வேலை; அவருக்கு அந்தப் பருவம் முழுவதும் போயிற்று.

மறுநாள் காலை நாங்கள் மெக்கானிக்கின் பட்டறைக்குப் போய்ப் பேசிய பேச்சை இங்கே எழுத மாட்டோம். இருபது வயதைக் கடந்த இரண்டு பேர் அறுபது வயதைக் கடந்த ஒருவரைப் பேசக்கூடாத பேச்சு. அவர் பதில் சொல்லவில்லை. வண்டியிடம் வந்து முதலில் கிளட்சைச் சோதித்தார். அது சரியாக விடுபட்டது. பிறகு கீழே படுத்து பாக்ஸின் அடித் திருகைக் கழற்றினார். வழிந்த ஆயிலை உள்ளங்கையில் பிடித்து முகர்ந்தார். வெயிலில் சாய்த்தபோது அதில் பொன்துகள் மிதந்தது. ஒரு காந்தத்தை அருகில் கொண்டுபோனார், துகள் அசையவில்லை. இரும்பு இல்லை, பித்தளை.

"அஞ்சா ஊத்துனீங்க?" என்றார். அவ்வளவுதான்.

ஐந்து என்ற எண் நான்கைவிட உயர்ந்த தரத்தைக் குறிப்பதில்லை என்பதைப் பிறகுதான் தேடிப் படித்து அறிந்தோம். அமெரிக்க பெட்ரோலியக் கழகத்தின் அந்த வகைப்பாடு, எந்த வகைப் பல்சக்கரத்துக்கு எவ்வளவு பாதுகாப்பு என்பதைச் சொல்வது. பின் அச்சிலுள்ள ஹைபாய்டு பற்கள் உருள்வதோடு ஒன்றின் மேல் ஒன்று கடுமையாக வழுக்கவும் செய்கின்றன. அந்த அழுத்தத்தில் எண்ணெய்ப் படலம் கிழிந்துவிடும். ஆகவே கந்தகமும் பாஸ்பரஸும் கொண்ட சேர்மங்களைக் கலக்கிறார்கள். அவை சூட்டில் எஃகோடு வினைபுரிந்து பல்லின் மேல் ஒரு காப்புத்தோலைப் படரவிடுகின்றன. கியர் ஆயிலின் அந்த அழுகிய நெடி இந்தக் கந்தகத்தினுடையது. ஜி.எல்.5இல் இவை நான்கைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. அச்சுக்கு அது அமுதம்.

கியர் பாக்ஸின் நிலை வேறு. அங்கே பற்கள் வழுக்க வேண்டும், வளையமோ பற்ற வேண்டும். இரண்டும் மூழ்கியிருப்பது ஒரே எண்ணெயில். வழுக்கல் மிகுந்தால் வளையம் கூம்பைப் பிடிக்காது. வேகம் ஒன்றாகும் முன்பே பல் மோதும். மோதி மோதி வளையம் தேயும். செம்பு கலந்த உலோகத்தைக் கந்தகம் அரிப்பதும் உண்டு. தேய்த்துப் பளபளப்பாக்கிய செம்புத் தகட்டை 121 பாகை செல்சியஸ் சூட்டில் மூன்று மணி நேரம் எண்ணெயில் மூழ்கவைத்துச் சோதிக்கிறார்கள். ஜி.எல்.5இல் தகடு நன்றாகக் கறுத்தாலும் தேர்ச்சிதான். இன்றைய ஐந்துகளில் பல செம்பை அவ்வளவாக அரிப்பதில்லை என்கிறார்கள். ஆனால் வழுக்கல் என்ற சிக்கல் அதனால் தீர்ந்துவிடுவதில்லை.

எண்கள் இன்னொரு விதத்திலும் ஏமாற்றுகின்றன. 90 என்றால் எஞ்சினுக்கு ஊற்றும் 40, 50ஐவிட மிகவும் கெட்டியானது என்றே நினைத்திருந்தோம். அளவுகோல்களே வேறு, நூறு பாகைச் சூட்டில் கியர் ஆயிலின் 90, எஞ்சின் ஆயிலின் நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் பக்கத்தில்தான் நிற்கிறது. எஞ்சின் ஆயிலையே பாக்ஸிலும் ஊற்றச் சொன்ன வண்டிகள் உண்டு, எம்.ஜி.பி. என்ற ஆங்கிலேய வண்டி அப்படி. ஆட்டோமேட்டிக் பாக்ஸுக்கான மெல்லிய சிவப்பு எண்ணெயைச் சாதாரண பாக்ஸுக்கு விதித்த பழைய மெர்சிடிஸ்களும் உண்டு. எது உயர்ந்தது என்று கடையில் நின்று கேட்பதில் பொருளில்லை. அந்த பாக்ஸைச் செய்தவன் எதை மனத்தில் வைத்து வளையத்தைக் கடைந்தான் என்றுதான் கேட்க வேண்டும். கேட்பதற்கு எங்களுக்கு ஆள் இருந்தார். அவர் முன்பே சொல்லியும் இருந்தார்.

மீண்டும் வளையங்கள் வந்தன. பெரியவர் கூலி வாங்க மறுத்தது எங்களுக்கான தண்டனை என்று புரிந்தது. புது வளையம் உதிர்க்கும் துகளுக்காக 500 கிலோமீட்டரில் ஒரு முறை நான்கை வடித்து நான்கையே நிரப்பினோம். கைமுறிந்த அக்காவுக்கு அந்தப் பருவக் கூலியை அப்பா வாராவாரம் கொடுத்தார். கொடுத்துவர எங்களைத்தான் அனுப்பினார். அவர் எங்களைத் திட்டவில்லை. ஆனால் சரிசெய்த வண்டியை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாமல் மெட்டுவரை ஏற்றி இறக்கியபோது, எங்கள் இருவரையும் பின்னால் உட்காரவைத்தார். அந்த வளைவுக்கு முன் மூன்றிலிருந்து இரண்டுக்கு வந்தது. சத்தமில்லை. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

பெரியவர் பாக்ஸின் மேல் மஞ்சள் பெயிண்டால் 4 என்றும், இரண்டு அச்சுகளின் மேலும் 5 என்றும் எழுதிவைத்தார். 2011இல் ஜீப்பை விற்றபோது, கம்பத்திலிருந்து வந்து வாங்கியவர் குனிந்து பார்த்து அதென்ன எண் என்று கேட்டார். நாங்கள் இருவரும் மாறி மாறி அரை மணி நேரம் விளக்கினோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, இரண்டில் எது விலை குறைவு என்றார்.