நிற்கத் தெரிந்த வண்டி

கிண்டியைத் தாண்டினால் பரங்கிமலை, மீனம்பாக்கம், பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என்று வரிசையாக ஊர்களைக் கோத்துக்கொண்டு போகிறது ஜி.எஸ்.டி. ரோடு. ஒவ்வோர் ஊரின் பெயரிலும் ஒரு கதை உண்டு. குரோம் தோல் தொழிற்சாலை தந்த பெயர் குரோம்பேட்டை. 1928-ல் டாக்டர் சவுரி முத்து காசநோயாளிகளுக்காக ஆரம்பித்த ஆஸ்பத்திரி தந்த பெயர் தாம்பரம் சானடோரியம். சுத்தமான காற்றைத் தேடி நோயாளிகள் வந்த இடம் அது என்றால், இன்று மூக்கைப் பொத்திக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் நம்பமாட்டார்கள்!

1931-ல் மின்சார ரயில் தாம்பரம் வரை ஓடத் தொடங்கியது. 1937-ல் கிறிஸ்தவக் கல்லூரி வந்தது. அப்புறம் வீடுகளும் கடைகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சாலையின் இரு பக்கமும் உட்கார்ந்துவிட்டன.

சாலை இப்படி மாறியது. ஆனால் அதில் ஓடுகிற பழைய புல்லட் மோட்டார் சைக்கிள் மாறவில்லை. வடசென்னைத் திருவொற்றியூரில் தொழிற்சாலை வைத்து, இங்கிலாந்துக் கம்பெனியுடன் கூட்டுச் சேர்ந்து, 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ்காரர்கள் தொடங்கிய தொழில் அது. தாய்க் கம்பெனி அங்கே படுத்துவிட்டது. பிள்ளை இங்கே தழைத்தது. அந்தக் காலத்து வண்டியின் முன் சக்கரத்தில் ஆறு அங்குல டிரம் பிரேக். சாலையில் ஆள் நடமாட்டம் குறைவாக இருந்த நாளில் அது போதும். இன்றைக்குக் குரோம்பேட்டை பஸ் நிறுத்தத்தில் போதுமா?

எங்கள் வீட்டிலும் ஒரு புல்லட் இருக்கிறது. மாமனார் காலத்துச் சொத்து. "விற்கவே மாட்டேன்" என்பது அவருடைய கட்சி. "நிற்கத் தெரியாத வண்டியில் ஏறவே மாட்டேன்" என்பது என் கட்சி. கடைசியில் இரண்டு கட்சியும் சமாதானம் பேச, மேற்குத் தாம்பரத்தில் ஒரு சின்னப் பட்டறைக்குப் போனோம்.

பட்டறைப் பெரியவர் என் பக்கம் திரும்பி, "அம்மா, வண்டி நிற்கும்போது பாரமெல்லாம் முன் சக்கரத்துக்குப் போயிடும். அதனாலே முன் பிரேக்தான் உசிரு. பின்னாடி மட்டும் மிதிச்சா சக்கரம் வழுக்கும்" என்றார். பிறகு சக்கரத்தைக் கழற்றி டிரம்மைத் திறந்தார். உள்ளே பிறைச்சந்திரன் மாதிரி இரண்டு ஷூக்கள். கைப்பிடியை அழுத்தினால் ஒரு கேம் திரும்பி அவற்றை விரிக்கிறது. அவை டிரம்மை உராய்ந்து நிறுத்துகின்றன.

இரண்டும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. துடைப்பக் கட்டையை முன்னால் சாய்த்துத் தள்ளிப் பாருங்கள். தரையில் குத்திக்கொண்டு நிற்கும். பின்னால் இழுத்தால் வழுக்கி வரும். அப்படியே, சுழலும் டிரம் ஒரு ஷூவைத் தானே உள்ளிழுத்து இறுக்குகிறது, மற்றதைத் தள்ளிவிடுகிறது. முன்னதற்கு லீடிங் ஷூ என்று பெயர். பிற்கால புல்லட்டுகளில் ஏழு அங்குல டிரம்மும், இரண்டு கேம் வைத்து இரண்டு ஷூவையும் லீடிங் ஆக்கிய ஏற்பாடும் வந்தன. அதைப் பழைய வண்டிக்கு மாற்றுகிறவர்களும் உண்டு. ஒரே ஒரு சங்கடம்: பாலத்து ஏற்றத்தில் வண்டி பின்னுக்கு உருண்டால் அதன் பிடி தளர்ந்துவிடும்.

"முதல்லே இருக்கிறதைச் சீர் பண்ணுவோம்" என்றார் பெரியவர். ஷூவில் ஒட்டிய லைனிங் கண்ணாடி போல் வழவழத்திருந்தது, கிரீஸும் குடித்திருந்தது. அதைத் தேய்த்துப் பயனில்லை, புதிது ஒட்டவேண்டுமாம். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். ஆகையால் தூசியை ஊதாமல் ஈரத் துணியால் துடைத்தெடுத்தார். துணி துவைக்கும் நாமும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

டிரம் லேசாகக் கோணியிருந்தது. சக்கரத்தை அப்படியே, கம்பிகள் இழுத்துக் கட்டிய நிலையிலேயே லேத்தில் ஏற்றிக் கடைந்தார். கம்பியைக் கழற்றிவிட்டுக் கடைந்தால், மறுபடி முறுக்கும்போது பழையபடி கோணிவிடுமாம். லைனிங்கையும் டிரம்மின் வளைவுக்குப் பொருந்தக் கடைந்தார். நடுவில் மட்டும் தொட்டால் பிடி ஏது? புதுக் கேபிள் போட்டு, பிரேக்கை இறுக்கும் தருணத்தில் கேபிளும் அது இழுக்கும் கையும் செங்கோணத்தில் நிற்கும்படி வைத்தார். கடைசியில் அச்சு நட்டைத் தளர்த்தி, பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டே திருகினார். ஷூக்கள் நடுவில் சரியாக அமர்ந்துவிட்டன.

இத்தனையும் எதற்கு? மணிக்கு 50 கிலோ மீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு 14 மீட்டர். பிரேக், விநாடிக்கு விநாடி 3 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைத்தால், நிற்க 32 மீட்டர் ஆகும். 6 மீட்டர் வீதம் குறைத்தால் 16 மீட்டர்தான். மிச்சம் 16 மீட்டர்! ஒரு பஸ்ஸின் நீளத்துக்கும் மேல். அந்த இடத்தில் பள்ளிக்கூடப் பையோடு ஒரு குழந்தை நிற்கக்கூடும். 125 சி.சி.க்கு மேற்பட்ட புது இருசக்கர வண்டிகளுக்கெல்லாம் 2019 ஏப்ரல் முதல் ஏ.பி.எஸ். கட்டாயமாகிவிட்டது. பழைய வண்டிக்குச் சட்டம் வந்து காவல் நிற்காது; வீட்டார்தான் நிற்கவேண்டும்.

புது லைனிங் படியும்வரை நிதானமாக ஓட்டச் சொன்னார் பெரியவர். மழையில் நனைந்தால் பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டு சற்றுத் தூரம் ஓட்டி ஈரத்தை உலர்த்தவும் சொன்னார்.

மறு ஞாயிறு முடிச்சூர் வழியாகப் படப்பைப் பக்கம் கிளம்பினோம். அந்தச் சாலையிலேயே இன்னும் போனால் ஒரகடம். 2013-ல் புல்லட்காரர்களின் புதுத் தொழிற்சாலை வந்த ஊர். படப்பைக்குச் சற்று முன்னால் ஆட்டு மந்தை ஒன்று சாவகாசமாகக் குறுக்கே வந்தது. வண்டி குலுங்காமல், வழுக்காமல், கடைசி ஆட்டுக்கு வழிவிட்டு நின்றது. என் புடவைத் தலைப்புக்கூடக் கலையவில்லை.

"எப்படி?" என்று பெருமையோடு என் பக்கம் திரும்பினார்.

"பிரேக் நன்றாக இருக்கிறது. நீங்கள் முன்னால் பார்த்து ஓட்டுங்கள்" என்றேன்.